விக்கியின் படிப்பு நேரம்

ஜூன் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, ஜோகுபாளையத்தில் தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்தபடியே தனக்கோடி ஒரு சபதம் போட்டான்.

"இந்த நாற்காலியை விட்டு என்னை எவனும் எழுப்ப முடியாது."

சமையலறையிலிருந்து அவன் மனைவி ஷோபா எட்டிப்பார்த்தாள்.

"குளிக்கக்கூட மாட்டியா?"

விஷயம் அதுவல்ல. கம்பெனியிலிருந்து அப்போதுதான் ஒரு மெயில் வந்திருந்தது. ஐந்து வருஷமாக வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்கு அடுத்த வாரம் பரீட்சை. பரீட்சை ஆளுக்கு இல்லை, அவரவர் வீட்டு இன்டர்நெட்டுக்கு. லேப்டாப்பில் ஒரு சின்ன புரோகிராம் உட்கார்ந்துகொண்டு காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை வினாடிக்கு ஒருமுறை ஆபீசைக் கூப்பிட்டுப் பார்க்கும். சேர்ந்தாற்போல் மூன்று நிமிஷம் பதில் வராவிட்டால் அந்த நாள் ஃபெயில். ஐந்து நாளில் மூன்று நாளாவது பாஸாக வேண்டும். இல்லையென்றால் அதற்கடுத்த திங்களிலிருந்து பெல்லந்தூர் ஆபீசுக்கு தினமும் வர வேண்டும்.

தனக்கோடி சிரித்தான். அவன் நெட்வொர்க் சப்போர்ட்டில் பத்தொன்பது வருஷம் இருக்கிறவன். லைன் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் அவன் பிழைப்பு. ஓட்டல் மாஸ்டரைக் கூப்பிட்டு வெந்நீர் வைக்கத் தெரியுமா என்று கேட்கிற மாதிரி இருந்தது அவனுக்கு.

"பெல்லந்தூருக்குப் போக ஒன்றரை மணி, வர ரெண்டு மணி. நான் போமாட்டேன். செத்தாலும் போமாட்டேன்."

"சரி, போவாதே," என்றாள் ஷோபா. "அந்த நாலாவது மாடி இன்னாச்சு?"

"எந்த நாலாவது மாடி?"

"உங்க மேனேஜர் ஹரிஷ்குமார் தெனம் அழுவுறாரே. நாலாவது மாடில நெட்டு படுத்துக்குது, யாருனா நேர்ல வந்து பாருங்கப்பான்னு."

தனக்கோடியின் ஹெட்போன் உடைந்து எட்டு மாதம் ஆகிறது. ஆபீஸ் முழுக்க ஸ்பீக்கர் வழியாக அந்த ஹாலில்தான் நடந்தது. யார் லீவு, யாருக்கு பிரமோஷன், எந்த மாடியில் எந்த வயர் போச்சு, எல்லாம் வெங்காயம் நறுக்குகிற இடம்வரை கேட்கும்.

"அது நேர்ல போய் ஒண்ணொண்ணா பாத்தாதான் ஆவும். எவன் போவான்? அவர் அதைப் பேச ஆரம்பிச்சாலே நான் மைக்கை அணைச்சிடுவேன். நீ உன் வேலையைப் பாரு."

"என் வேலை பெட்ரூம்ல கட்டில் மேல கெடக்குது."

அது உண்மை. ஷோபா ரவிக்கைக்கு ஆரி வேலை, ஊசியால் பூவேலை, செய்கிறவள். முன்பு ஹாலில் ஜன்னலோரம் துணியை இழுத்துக் கட்டுகிற அவளுடைய மரச்சட்டம் நின்றது, வெளிச்சத்தில். இப்போது அங்கே தனக்கோடியின் மேஜை. ஆபீஸ் நேரத்தில் தையல் மெஷின் ஓடக்கூடாது. மிக்சி ஒன்பதுக்கு முன்னால் அல்லது ஆறுக்குப் பின்னால். குக்கருக்கு அவனுடைய மதிய இடைவேளையில் இரண்டு விசில் அனுமதி உண்டு. அளவு கொடுக்க வருகிறவர்கள் பகலில் வரக்கூடாது. மூன்று பேர் வேறு டெய்லரைப் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தி கல்யாணப் பெண்.

அன்று சாயங்காலம் ஷோபா, நூல் வாங்கி வருகிறேன் என்று அல்சூர் பஜாருக்குப் போனாள். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். பைக்குள் ஏதோ கிணுகிணுத்தது. ஸ்டூல் போட்டு ஏறிப் பரணில் வைத்தாள். நூல் கிணுகிணுக்குமா என்று தனக்கோடி கேட்கவில்லை. அவன் தரையில் படுத்து ரூட்டருக்குப் பின்னால் தலையை விட்டிருந்தான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஏற்பாடு. கேபிள் முனைகளை வெட்டிப் புதிதாகப் போட்டான். டெஸ்டரில் மாட்டி, எட்டு விளக்கும் ஒன்றன்பின் ஒன்றாக எரிவதை ஷோபாவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"நல்லாக்கீது," என்றாள் அவள். "தேர்த்திருவிழா மாதிரி."

"கேலி பண்ணாதே. இந்த வீட்டு ரூட்டர் மாதிரி இந்தத் தெருவிலேயே கெடையாது. கரண்டு போனா இன்வெர்ட்டர் தாங்கும். லேப்டாப்பு வைஃபைல ஓடும். வைஃபை சரியில்லன்னா வயர்ல போடுவேன்."

"வைஃபை ஒண்ணு, வயரு ஒண்ணா?"

"ரூட்டருக்கு அது ரெண்டும் வேற வேற ஆளு. லேப்டாப்பு ஒண்ணுதான். ஆனா பேரு ரெண்டு."

"அப்டியா," என்றாள் ஷோபா.

தனக்கோடிக்கு ஒரு பழக்கம். எதைச் செய்தாலும் வீட்டில் விளக்கிச் சொல்வான். கேட்கிறவள் வெங்காயம் நறுக்குகிறாளா, கவனிக்கிறாளா என்று பார்ப்பதில்லை.

திங்கள்கிழமை காலை ஒன்பதுக்குப் பரீட்சை ஆரம்பித்தது. லேப்டாப்பின் மூலையில் ஒரு பச்சைக் கட்டம். பத்து மணிக்குப் பச்சை. பத்தேமுக்காலுக்கும் பச்சை. சரியாகப் பதினோரு மணிக்கு அது சிவப்பாகி உள்ளே நொடிகள் ஓட ஆரம்பித்தன. தனக்கோடி ரூட்டரைப் பார்த்தான். அதில் எல்லா விளக்கும் பச்சை. மூன்று நிமிஷம் ஓடி முடிந்தது. அந்த நாள் போச்சு. பன்னிரண்டரைக்கு யாரும் எதுவும் செய்யாமலே லைன் வந்து உட்கார்ந்துகொண்டது.

"நோயலைக் கூப்பிடட்டா?" என்றாள் ஷோபா.

"அவன் இந்த வீட்டு வாசல்ல கால் வெச்சா நான் வெளியே போயிடுவேன்."

நோயல், இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுத்த லோக்கல் ஆபீசின் லைன்மேன். விவேக் நகரிலிருந்து வருகிறவன். போன வருஷம் ஒருமுறை போனில், "சார், ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டான். பத்தொன்பது வருஷ சர்வீஸ் இருக்கிற ஒருத்தனிடம் கேட்கிற கேள்வியா அது? அன்றிலிருந்து நோயலுக்குத் தடை. அதற்காக தனக்கோடி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்க்கவில்லை என்று அர்த்தமில்லை. ஷோபா குளிக்கப் போனபோது பார்த்தான்.

பிறகு மாடிக்குப் போனான். மேல் வீட்டில் ரிட்டையரான டெஸ்மண்ட் தனியாக இருக்கிறார்.

"அங்கிள், பதினோரு மணிக்கு மைக்ரோவேவ் போடறீங்களா?"

"டெய்லி, மேன். பன் சூடு பண்றேன். வொய்?"

"அதுலேர்ந்து ஒரு அலை வருது. என் வைஃபையை அடிக்குது. நாலு நாளைக்குப் பன்னைச் சூடு பண்ணாம சாப்பிட முடியுமா?"

"எனக்கு எழுபத்தாறு வயசு. என் பன்னை நான் சூடா சாப்பிடுவேன். நீ வேணா பதினோரு மணிக்கு வேலை செய்யாதே."

கீழே வந்து ஷோபாவிடம் அறிவித்தான். "எதிரி மேல் வீட்டுலதான் இருக்கான். நாளைக்கு வயர்ல போடறேன். எந்தப் பன்னு வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"நாளைக்கு எத்தினி மணிக்குப் போடுவே?"

"ஒம்போதுக்கே."

செவ்வாய்க்கிழமை ஒன்பதுக்கே போட்டான். பதினோரு மணிக்குச் சிவப்பு.

இந்தமுறை முறையாக இறங்கினான். முதலில் லேப்டாப்பிலிருந்து ரூட்டரைக் கூப்பிட்டான். ரூட்டர் உடனே பதில் சொன்னது. ரூட்டரைத் தாண்டி வெளியே கூப்பிட்டான். பதிலே இல்லை. ஆகவே வீட்டுக்கு வெளியே கோளாறு. கோளாறு வெளியே என்றால் வீட்டில் யாருக்குமே நெட் வரக்கூடாது. சமையலறையில் ஷோபாவின் போனில் ஒரு பெண் வெண்டைக்காய் மொறுமொறுப்பாக வர என்ன செய்ய வேண்டும் என்று தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உன்னுது ஓடுதா?"

"ஓடுது."

"வைஃபையா, சிம்மா?"

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? தொட்டா ஓடுது."

சிம்மாகத்தான் இருக்கும் என்று முடிவுசெய்தான். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. சபதம் நாற்காலியைப் பற்றியது. அங்கிருந்தபடியே ரூட்டரின் செட்டிங்குகளைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தான். 'குழந்தைகள்' என்ற பக்கத்தை மட்டும் திறக்கவில்லை. அவன் வீட்டில் குழந்தை இல்லை. ஒரே பையன் விக்கி மங்களூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறான்.

இரண்டு நாள் போய்விட்டது. இனி ஒரு நாள் போனால் பெல்லந்தூர். மாலை ஆறு மணிக்குத் தனக்கோடி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அந்த நோயல் நம்பர் உன்கிட்ட கீதா?"

"நீ வெளியே போயிடுவியே."

"நம்பரைக் குடுடி."

புதன்கிழமை பத்தேமுக்காலுக்கு நோயல் வந்தான். செருப்பை வாசலில் விட்டு, ரூட்டரைப் பார்த்து, தனக்கோடியைப் பார்த்து, வாயைத் திறந்தான்.

"கேக்காதே," என்றான் தனக்கோடி. "பண்ணிட்டேன்."

"சரி சார். லைன் நல்லாத்தானே கீது?"

"பதினோரு மணி ஆவட்டும்."

இருவரும் உட்கார்ந்து பச்சைக் கட்டத்தைப் பார்த்தார்கள். பெட்ரூமில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆபீஸ் நேரத்தில் ஓடக்கூடாத மெஷின். தனக்கோடிக்கு அப்போது அது காதில் விழவில்லை.

பதினோரு மணிக்குக் கட்டம் சிவந்தது.

நோயல் தன் போனை வீட்டு வைஃபையில் போட்டுப் பார்த்தான். வந்தது. ரூட்டரின் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி உள்ளே போனான். நேராக ஒரு பக்கத்தைத் திறந்தான்.

"சார், வீட்ல கொழந்தைங்க கீறாங்களா?"

"இல்ல. ஒரே பையன், மங்களூர்ல படிக்கிறான். இப்ப எதுக்கு அது?"

"பேரு விக்கியா?"

"ஆமா."

"விக்கிக்கு இப்ப படிப்பு நேரம் நடக்குது சார். பதினொண்ணுலேர்ந்து பன்னண்டரை வரைக்கும். அதான் நெட்டு கட்டு."

"அவன் மங்களூர்ல இருக்கான்யா!"

"அவரு இருக்கட்டும் சார். விக்கின்ற பேருக்கு அடியில ரெண்டு கீது. ரெண்டும் உங்க லேப்டாப்புதான். ஒண்ணு வைஃபை. ஒண்ணு வயரு. வயரை நேத்து காலைல ஒம்போது அஞ்சுக்குச் சேத்துக்கீறாங்க."

தையல் மெஷின் நின்றது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், விக்கி பியூசி, அதாவது பிளஸ் டூ, படிக்கும்போது ராத்திரி பகலாகப் போனைப் பார்க்கிறான் என்று, ரூட்டருக்கு ஒரு ஆப்பை ஷோபாவின் போனில் போட்டுக்கொடுத்தவன் தனக்கோடிதான். யாரை எப்போது கட் பண்ண வேண்டும் என்று முக்கால் மணி நேரம் விளக்கியவனும் அவன்தான். அன்றைக்கும் அவள் வெங்காயம்தான் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

கழுத்தில் அளவு டேப்போடு ஷோபா வந்து நின்றாள்.

"நீயா?"

"நான்தான்."

"எதுக்குடி?"

"எதுக்குன்னு அஞ்சு வருசமா சொல்றேன். அப்பல்லாம் நீ ஆபீஸ் கால்ல இருந்தே."

"ஒரு நிமிசம் இருவது வினாடி," என்றான் நோயல் கட்டத்தைப் பார்த்து.

"நோயல், நீயே அதை எடுத்துடு!"

"பின் நம்பர் கேக்குது சார். நாலு இலக்கம். அக்கா மாத்தி வெச்சிக்கீறாங்க."

தனக்கோடி எழுந்து நின்றான். நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"எடு ஷோபா."

"எடுக்கறேன். மிக்சி எப்ப வேணா ஓடும்."

"மானத்தை வாங்காதே. வெளி ஆள் இருக்கான்."

"நான் ஒண்ணும் கேக்கல சார்," என்றான் நோயல். "ஒண்ணு ஐம்பது."

"ஓடட்டும். மிக்சி ஓடட்டும்!"

"மெஷினு?"

"ஓடட்டும்!"

"அளவு குடுக்கறவங்க பகல்ல வருவாங்க. ஹாலுக்கு."

"நான் மீட்டிங்ல இருக்கும்போது ஹால்ல பொம்பளைங்க ரவிக்கை அளவு குடுப்பாங்களா?"

"ரெண்டு நிமிசம் முப்பத்தஞ்சு, அக்கா."

"வரட்டும்! எல்லாரும் வரட்டும்! தெருவே வரட்டும்!"

ஷோபா போனை எடுத்தாள். விரலை டேப்பில் துடைத்துக்கொண்டாள். நாலு எண்களை நிதானமாக அழுத்தினாள். இரண்டு நிமிஷம் ஐம்பத்திரண்டாவது வினாடியில் கட்டம் பச்சையானது.

நோயல் தன் ஆபீசுக்குக் காட்ட ஒரு சீட்டு நீட்டினான். கோளாறின் காரணம் என்ற இடத்தில் 'உள்வீட்டுப் பிரச்சினை' என்று எழுதியிருந்தான். தனக்கோடி கையெழுத்துப் போட்டான்.

"கவலைப்படாதீங்க சார். இந்த ஏரியாவுல பத்து வீட்டுக்கு ஆறு வீட்ல இதான்."

வேறொருத்தன் என்றால் சுருண்டு படுத்திருப்பான். தனக்கோடி அப்படியில்லை. பழையபடி நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். மிக்சி ஓடியது. அவன் அதற்கு மேலே கத்திப் பேசினான். மெஷின் ஓடியது. அதற்கும் மேலே கத்தினான். வியாழக்கிழமை இரண்டு பெண்கள் அளவு கொடுக்க வந்தார்கள். அவன் கேமராவை அணைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, மீட்டிங்கை முடித்தான். ஆனால் எழுந்திருக்கவில்லை. புதன் பாஸ். வியாழன் பாஸ்.

வியாழன் மாலை ஹரிஷ்குமாரிடமிருந்து மெயில் வந்தது. திங்கள், செவ்வாய் தலா ஒன்றரை மணி நேரம் லைன் அறுந்ததற்குக் காரணம் எழுதி அனுப்பவும். தனக்கோடி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஷோபா கேட்காமலே காபி கொண்டுவந்து வைத்தாள். அந்த காபியிலாவது அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"இன்னா எழுதப்போற?"

"அதான் தெரியல. பொண்டாட்டி பூட்டிட்டான்னு எழுத முடியுமா?"

"என்னை ஏன் இழுக்கறே? நீ கண்டுபிடிச்சதை எழுது."

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? நோயல்தான்..."

"நோயலைக் கூப்ட்டது யாரு?"

"நான்."

"அப்ப நீதான். எட்டு லைட்டு எரியுதான்னு பாத்தது யாரு? மேல் வீட்டுப் பன்னு வரைக்கும் விசாரிச்சது யாரு? ரூட்டர் பேசுது, வெளியே பேசலன்னு பிரிச்சிப் பாத்தது யாரு? உங்க ஆபீஸ்ல அத்தினி பேர் கீறாங்களே, ஒருத்தனாவது இப்டி ஒண்ணொண்ணா பாத்திருப்பானா?"

தனக்கோடி யோசித்தான். பாத்திருக்க மாட்டான்கள்.

"சுருக்கமா எழுதாதே," என்றாள் போகும்போது. "அந்தப் பன்னை விட்டுடாதே."

ஆறு பக்கம் வந்தது. கேபிளிலிருந்து ஆரம்பித்து, இன்வெர்ட்டர், வைஃபை அலை, மைக்ரோவேவ், வயர், ரூட்டர் என்று ஒவ்வொன்றையும் சோதித்து விலக்கிய விதம். படம் வேறு போட்டிருந்தான். கடைசியில் ஒரே வரி: 'பழைய அமைப்பு ஒன்றில் இந்தச் சாதனம் தவறுதலாகச் சேர்ந்திருந்தது, கண்டறிந்து நீக்கப்பட்டது.' அனுப்பிவிட்டு, தானே இன்னொருமுறை படித்துப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. கட்டம் பச்சையாகவே அணைந்தது. ஐந்தில் மூன்று. தனக்கோடி கைகளை உயர்த்தினான்.

"எவன்டா எழுப்புவான் என்னை!"

போன் அடித்தது. ஹரிஷ்குமார். ஸ்பீக்கரில் போட்டான். ஷோபா கேட்கட்டும் என்று வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டினான்.

"தனக்கோடி, என்னப்பா இது, சூப்பர் ரிப்போர்ட்! டைரக்டரே உக்காந்து படிச்சார்."

"தேங்க் யூ சார்."

"அந்த மைக்ரோவேவ் பாயின்ட் இருக்கே, யாருக்கு வரும் அந்த மூளை? நம்மகிட்ட இப்படி ஒரு ஆள் இருக்கறதே தெரியாமப் போச்சு."

"எஸ் சார்."

"நாலாவது மாடில நெட்டு மூணு மாசமா விழுது. யாருக்கும் பொறுமை இல்லை. இதுக்கு இனி நீங்கதான் டீம் லீட்."

"எஸ் சார்!"

"மண்டேலேர்ந்து."

"எஸ் சார்!"

"நேர்ல."

அந்த 'எஸ் சார்' ஏற்கெனவே வாயை விட்டுப் போயிருந்தது.

"ஆறு மாசம். டெய்லி ஒம்பது மணிக்கு இருந்தா போதும். கங்க்ராட்ஸ்."

"சார்... என் வீட்டு லைன் பாஸ் ஆயிடுச்சு சார்."

"அதான் சொல்றேன்! வீட்டு லைனையே இவ்ளோ அழகா பார்த்தவர், ஆபீசை எப்படிப் பார்ப்பீங்க!"

பெட்ரூமில் மெஷின் இந்தமுறை நிற்கவில்லை.

திங்கள் காலை ஏழு மணிக்கு தனக்கோடி ஷூவைப் போட்டான். அதில் விக்கியின் பழைய சாக்ஸ் ஒன்று இருந்தது. அவன் குனிந்து நிமிர்வதற்குள் ஆரிச் சட்டம் ஹாலில் ஜன்னலோரம் வந்துவிட்டது. ஷோபா ஒரு துணிப்பையைக் கையில் கொடுத்தாள்.

"ஆறு மாசம்தான்," என்றான் தனக்கோடி வாசலில் நின்று. "நான் ஒண்ணும் தோத்துப் போவல. லீடாப் போறேன். ஆறு மாசத்துல திரும்பி வந்து இதே எடத்துல உக்காருவேன். எழுதி வெச்சிக்கோ."

"வா. சாயங்காலம் வரும்போது பால் வாங்கிட்டு வா."

மெட்ரோ, பஸ், ஆட்டோ. ஒன்பது மணிக்கு நாலாவது மாடி. மத்தியானம் ஒரு மணிக்கு கேன்டீனில் ஒரு மூலையாகப் பார்த்து உட்கார்ந்து பையைப் பிரித்தான். உள்ளே பளபளவென்று புது டிபன் கேரியர், மூன்றடுக்கு. மூடியைத் திறந்தான். எலுமிச்சை சாதம். அவனுக்குப் பிடித்தது. வயிறு கொஞ்சம் சமாதானம் ஆனது.

மூடியைத் திருப்பி வைக்கும்போது அதன் மேல் பாத்திரக் கடையில் வெட்டிய எழுத்துகள் தெரிந்தன. மு. தனக்கோடி. பெயருக்குக் கீழே, பாத்திரக் கடைக்காரர்கள் வழக்கமாகப் போட்டுத் தருகிறபடி, வாங்கிய தேதி.

6-6-25. அவன் சபதம் போட்ட நாள்.